நான்காம் எண் வண்டி

வெள்ளை நிறத்தைத் தவிர வேறு நிறத்தில் நான் வண்டி வாங்கியதில்லை. வெள்ளையில் அழுக்கு உடனே தெரியும். தெரிந்தால் ஓட்டுநருக்கு வெட்கமாக இருக்கும், கழுவுவான். கழுவும்போது கீறல், துரு, ஆயில் கசிவு எல்லாம் கண்ணில் படும், என்னிடம் வந்து சொல்வான். கறுப்பில் வாங்கினால் எடுப்பாக இருக்கும் என்று விளம்பரப் பிரிவுக்காரர்கள் வருடா வருடம் நச்சரிப்பார்கள். அவர்கள் யாரும் வண்டி கழுவுகிறவர்கள் இல்லை.

மேடம், நேற்று ஒரு கட்டுக் காகிதத்தையும் இரண்டு பேனாவையும் என் முன்னால் வைத்து, “உங்க பாணியிலயே எழுதுங்க, அவசரமே இல்ல” என்றீர்கள். நன்றி. எனக்குப் பேச வராது, எழுத வரும். நவம்பர் மாத விசாரணையில் நான் உங்களிடம் சொன்னதில் ஓர் இடம் உண்மையில்லை. அதைச் சரிசெய்யத்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் லூபென் கராஜோவ். வயது ஐம்பத்தாறு. சோஃபியாவில், நீங்களும் வீட்டில் பார்க்கும் அந்தச் செய்திச் சேனலின் வாகனப் பிரிவு என் பொறுப்பு. எந்த வண்டி வாங்குவது, எதை யாருக்குக் கொடுப்பது, எதை எப்போது கழிப்பது என்பதெல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். மேலிடத்தில் கையெழுத்து மட்டும் போடுவார்கள்.

இந்த வேலையை விளையாட்டாக நினைக்கிறவர்கள் உண்டு. பின்கதவு மேலே தூக்குவதா, இரண்டாகப் பிளந்து திறப்பதா என்று நான் ஒரு மாதம் யோசிப்பேன். மேலே தூக்குகிற கதவு மழையில் கேமராவுக்குக் குடையாக நிற்கும். ஆனால் நெருக்கமான தெருவில் பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் அதைத் திறக்கவே முடியாது, உள்ளே இருக்கும் முக்காலி உள்ளேயே இருக்கும். எங்கள் கேமராக்காரர்களிலேயே பருமனானவரைக் கூப்பிட்டு, தோளில் கேமராவோடு பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்வேன். பதினொன்றாவது தடவை அவர் என்னைத் திட்டினால் அந்த வண்டி வேண்டாம். குளிர்காலத்தில் மலைச்சாலையில் கொட்டுகிற உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால், கடைக்காரன் வண்டியின் முகப்பைக் காட்டும்போது நான் தரையில் படுத்து அடியில் பார்ப்பேன்.

மாற்றுவதற்கும் விதி வைத்திருந்தேன். ஒன்பது வருடம் அல்லது மூன்று லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. “நல்லாத்தானே ஓடுது?” என்று எல்லோரும் கேட்பார்கள். நன்றாக ஓடும்போதே மாற்றிவிட வேண்டும். கெட்டுப்போன பிறகு மாற்றுவதற்கு நான் எதற்கு, இழுத்துப்போகும் லாரி ஒன்று போதுமே.

இந்த விதிக்கு அடங்காமல் ஒரே ஒரு வண்டி இருந்தது. நான்காம் எண் நேரலை வேன். பதினான்கு வயது. மாற்றும் முறை வந்தபோதெல்லாம் பணம் இல்லை என்று மேலிடத்தில் தள்ளிப்போட்டிருந்தார்கள். கூரையில் மடக்கிவைத்த கம்பம் உள்ள பழைய ரகம். ஊருக்கு வெளியே போய் நிறுத்தி, காற்று பம்பைப் போட்டால் கம்பம் பதினைந்து மீட்டர் எழும். அதன் உச்சியில் உள்ள ஏரியல் மலைமேல் உள்ள ஒளிபரப்புக் கோபுரத்தை நேருக்கு நேர் பார்த்ததும் படம் சோஃபியாவுக்கு வரும். கம்பத்தின் விசை பின்கதவின் ஓரத்தில் இருந்தது. தரையில் நின்றுகொண்டுதான் அழுத்த வேண்டும். இரும்புக் கம்பம், இரும்பு வண்டி, ஈரத் தரையில் ஓர் ஆள். மேலே மின்கம்பி இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்; எனக்கு எப்போதுமே தெரியும்.

அதை ஓட்டியவன் ஸ்பாஸ் வ்ராஞ்சேவ். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் மனைவி ஸ்லாட்கா எங்கள் கேண்டீனில் சமைக்கிறவர். ஸ்பாஸ் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட அழகை நான் குறைசொல்ல மாட்டேன். ஆயில் மாற்றிய தேதிகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கதவுக் கீலில் அவன் தடவும் வாத்துக் கொழுப்பு வீட்டிலிருந்து வந்தது. என்னைப் ‘பட்டியல்காரா’ என்றுதான் கூப்பிடுவான். “பட்டியல்காரா, இன்னைக்கு யாரைக் கழிச்சுக்கட்டப் போற?” என்று காலையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைப்பான். எண்ணெய் என் காகிதங்களில் படும். அதற்கு நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பதிவேடு இருந்தது. நாட்டில் எங்கெல்லாம் எங்கள் வண்டி நின்றிருக்கிறதோ அங்கெல்லாம் எந்தப் பக்கம் நிறுத்தலாம், கம்பி எங்கே போகிறது, எத்தனை அடி தள்ளி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். ஆரம்ப வருடங்களில் நாங்களிருவரும் ஒன்றாகப் போய்ச் சேர்த்தது. அவன் நடந்து அடி எண்ணுவான், நான் வரைவேன். கம்பிகளைச் சிவப்பு மையில் போடுவேன். கம்பத்தைத் தூக்குமுன் எங்கள் வண்டி ஷெட்டுக்குப் போன் செய்து, ஏட்டைப் பார்க்கச் சொல்லி, நாங்கள் சரி என்ற பிறகே விசையைத் தொட வேண்டும் என்பது என் உத்தரவு. மற்ற ஓட்டுநர்கள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கிவிடுவார்கள். கம்பத்தின் உச்சியில் ஓர் எச்சரிக்கைப் பெட்டியும் உண்டு, கம்பி கிட்டத்தில் வந்தால் கத்தும். நகரத்துக்குள் எங்கு நிறுத்தினாலும் கத்துகிறது என்று அதையும் அணைத்துவிடுவார்கள். ஸ்பாஸ் மட்டும் பெட்டியை அணைத்ததில்லை, ஷெட்டுக்கு அழைக்காமல் தூக்கியதும் இல்லை. இதை நான் அவனைப் பாராட்டித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதக் கடைசியில் அவனுடைய பெயருக்குரிய திருநாளான பெயர்நாள் வந்தது. அழைப்பில்லாமலே போகிற நாள் என்பதால் ஷெட்டே திரண்டு போனோம். ஆட்டுக்கறி, புது வெங்காயம், அவனே காய்ச்சிய ராக்கியா. மற்றவர்கள் தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது அவன் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனான்.

“லூபென், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

“கண்ணு போகுதுடா. கண்ணுல அழுத்தமாம். நேரா இருக்கிறதெல்லாம் பளிச்சுனு தெரியுது, ரோடு தெரியுது, உன் மூஞ்சி தெரியுது. மேல்பாதிதான் இல்ல. அண்ணாந்தா வெறும் சாம்பல்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“இருக்கிறதைக் காப்பாத்திக்கலாமாம். போனது போனதுதானாம். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்டா. அதுவரைக்கும் உன் ஏடும் அந்தப் பெட்டியும்தான் எனக்குக் கண்ணு.”

அவன் கையை என் தோளில் போட்டிருந்தான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து அவன் அழைத்தால் நானே போனை எடுப்பேன், நானே பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கோடைகாலம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

செப்டம்பரில் நேரலை வண்டிகளை மாற்றும் பட்டியலை எழுதினேன். மொத்தம் எட்டு. எட்டுமே பழைய கம்ப வண்டிகள். எட்டுக்கும் பதிலாக ஒரே ரகத்தில் எட்டுப் புது வண்டிகள். புதியவற்றில் கம்பமே கிடையாது. கூரைமேல் தட்டையான சின்ன ஏரியல், உள்ளே உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஒரே ரகமாக இருந்தால் ஒரே டயர், ஒரே வடிகட்டி, எந்த ஓட்டுநரையும் எந்த வண்டியிலும் அனுப்பலாம். அந்தப் பட்டியலுக்காக நான் ஏழு மாதம் உழைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் ஆகச் சுத்தமானது அது. ஒரு கீறல் இல்லை.

இது தெரிந்ததும் ஸ்பாஸ் என் அறைக்கு வந்தான். அன்று பனிட்சா இல்லை. புது ரக வண்டிக்கு மாறும் ஓட்டுநர்கள் எல்லோரும் மருத்துவப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும் என்பது ஊரறிந்த விதி. கண்ணைச் சோதித்தால் அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“நாலை மட்டும் விட்டுடுடா. இன்னும் பத்தொன்பது மாசம். அதுவும் நானும் சேர்ந்தே வெளியே போயிடறோம்.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் ஸ்பாஸ்.”

“விதியை எழுதினது நீதானே?”

“அதனாலதான் என்னால மீற முடியாது.”

அவன் சிரித்தான். “உன்னை மாதிரி ஒருத்தனை நண்பனா வச்சிருக்கிறதுக்கு ஒரு போலீஸ் நாயை வளர்த்திருக்கலாம்” என்றான். எழுந்து போகும்போது வழக்கம்போல என் மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குக் கோபம் இல்லை என்று நினைத்தேன்.

நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, என் பட்டியல் இயக்குநர் டாஸ்கலோவா அம்மாவிடமிருந்து திரும்பி வந்தது. ஒப்புதல் ஆகியிருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும் மேடம், ஏனென்றால் நவம்பரில் நான் உங்களிடம், யாராவது செத்தால்தான் புது வண்டி கொடுப்பார்கள் என்ற நிலைமை இருந்ததாகச் சொன்னேன். செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதின. அது சரியில்லை. வண்டிகள் கிடைத்துவிட்டிருந்தன. ஆனால் ஏழு. எட்டாவது வரியில் பச்சை மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில், ‘நான்காம் எண் ஸ்பாஸ் ஓய்வு பெறும்வரை அவரிடமே இருக்கட்டும்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்திருந்தார்.

நான் அவரைப் போனில் அழைத்தேன்.

“அடடே லூபென், அவர் நேரா வந்து கேட்டாரு. அந்த வண்டியும் தானும் ஒண்ணாவே ரிட்டயர் ஆகணும்னு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒரு வண்டிதானே, விட்டுக்கொடுங்களேன்.”

“சரிங்க மேடம்” என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாத வேலை. அவன் என்னைத் தாண்டிப் போயிருந்தான். ஏழு புது வண்டிக்கு ஒரு டயர், ஒரு பழைய வண்டிக்கு வேறு டயர். ஏழு பேருக்கு ஒரு பயிற்சி, ஒருவனுக்கு மட்டும் பழைய ஏடு. ஒருவனுடைய பத்தொன்பது மாதத்துக்காக ஷெட்டே இரண்டு கணக்கில் ஓட வேண்டும்.

அவன் கண் விஷயத்தை ஒரு வரி எழுதி மேலே அனுப்பியிருந்தால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். எழுதியிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான், நான்காம் எண் கழிந்திருக்கும், பட்டியலும் நேராகியிருக்கும். ஆனால் நான் அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். கிணற்றடியில், அவன் பெயர்நாளில், அவன் ராக்கியாவைக் குடித்துக்கொண்டு. கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை. இன்றுவரை, உங்களுக்கு எழுதும் இந்தக் காகிதத்தைத் தவிர, வேறெங்கும் அதைச் சொன்னதில்லை.

புதன்கிழமை, நான்காம் எண்ணின் எச்சரிக்கைப் பெட்டியைக் கழற்றி, சரிபார்ப்புக்காகத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். அதைச் சரிபார்க்க வேண்டிய தேதி வந்திருந்தது, கோப்பில் பாருங்கள். பெட்டி இல்லாமல் கம்பத்தைத் தூக்கக் கூடாது என்பது என் விதிதான். பெட்டி திரும்பும்வரை ஏட்டைப் பார்த்துத் தூக்கலாம் என்று ஒரு தற்காலிக அனுமதி எழுதிக் கையெழுத்திட்டேன். ஸ்பாஸிடம் காட்டினேன். “நீ போன் எடுக்கிறவரைக்கும் எனக்குப் பெட்டி எதுக்குடா” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை செய்தி அறையிலிருந்து வண்டி கேட்டார்கள். டான்யூப் ஓரத்தில் டோல்னா ரக்கித்தா என்ற ஊரில் வயல்களுக்குள் தண்ணீர் புகுந்து, விவசாயிகள் கரைமேல் டிராக்டர்களை நிறுத்தி மறியல் செய்கிறார்கள், மதியச் செய்திக்கு நேரலை வேண்டும் என்றார்கள். மூன்று வண்டிகள் சும்மா நின்றன. எனக்கு அந்த ஊர் தெரியும். பக்கம் நூற்று நாற்பத்தாறு. நான்காம் எண்ணை அனுப்பினேன். மூடுபனி கடுமையாக இருக்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

நிருபர் ராலிட்சாவையும் கேமராக்காரரையும் தனிக் காரில் அனுப்பினேன். அவர்கள் நேராகக் கரைமேல் போய் நிற்கட்டும், வேன் பின்னால் மேட்டில் நிற்கட்டும் என்று சொன்னேன். இடையில் முந்நூறு மீட்டர். வழக்கமாக எல்லோரும் ஒரே வேனில்தான் போவார்கள். ராலிட்சாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் அந்த வண்டியின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நான் கவனமாக இருந்தேன். இதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ள முடியுமானால் குறித்துக்கொள்ளுங்கள். என் உதவியாளரை டயர் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஸ்பாஸ் அழைத்தான். டீசல் பற்றிக் கேட்டான் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி டீசலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் அன்றைக்கே கேட்டிருக்கலாம். பேசியது இது:

“பட்டியல்காரா, ரக்கித்தா வந்துட்டேன். பம்ப் ஹவுஸுக்கு மேற்கால மேட்டுல நிறுத்தியிருக்கேன்.”

“பனி எப்படி?”

“கொட்டுது. கண்ணு நல்லா இருக்கிறவனுக்கே இங்க ஒண்ணும் தெரியாது, நான் தப்பிச்சேன். ஏட்டைப் பாரு.”

பக்கத்தைத் திருப்பினேன். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, ஆனாலும் அவனுக்குக் கேட்கட்டும் என்று ஒரு தாளைப் புரட்டினேன். பம்ப் ஹவுஸ், மேடு, அதன் மேற்கில் சிவப்பு மையில் இருபதாயிரம் வோல்ட் கம்பி. சுவரிலிருந்து பதினோரு அடி. அவன் எண்ணிய அடி, நான் போட்ட கோடு.

“மேலே ஒண்ணும் இல்ல ஸ்பாஸ்.”

“நிஜமாவா? இங்க ஒரு லைன் போன ஞாபகம்டா எனக்கு. முந்தின வெள்ளத்தப்போ நாம ரெண்டு பேரும்தானே வந்தோம். என் பூட்ஸ்கூடச் சேத்துல போயிடுச்சே.”

“அது கிழக்குப் பக்கம்.”

அப்போதாவது நான், வேண்டாம், கொஞ்சம் தள்ளி நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். ஏட்டில் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், செய்திக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

“நீ சொன்னா சரிதான்” என்றான். “எனக்குத்தான் எல்லாம் குழம்புது. சாயந்தரம் ஸ்லாட்கா பருப்பு சூப் வைக்கிறா, வர்றியா?”

“வர்றேன்.”

“அப்ப தூக்கட்டுமா?”

“தூக்கு.”

போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பம்பு ஓட ஆரம்பித்தது கேட்டது. அவன் எதையோ முணுமுணுத்துப் பாடினான். பிறகு பாட்டு நின்றது, பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டு, உதவியாளர் வந்ததும் டயர் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். ராலிட்சா அழைத்துக் கதறியபோது மணி பன்னிரண்டு பத்து.

ஈமச்சடங்கில் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அழுதேன். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவனைப் போல எனக்கு வேறு நண்பன் இருந்ததில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

அடுத்த வாரமே டாஸ்கலோவா அம்மா என்னைக் கூப்பிட்டு, பச்சைக் கோடு போட்ட அதே தாளில், அதே எட்டாவது வரியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். “நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் லூபென்” என்றார். அவர் வருத்தப்படுவதில் நியாயம் இருந்தது.

ஜனவரியில் எட்டு வண்டிகளும் ஒன்றாக வந்து நின்றன. ஷெட்டின் கதவில் ஸ்பாஸின் நாற்பதாம் நாள் இரங்கல் தாள் ஒட்டியிருந்தது, படத்தோடு. புது வண்டி முதல் தடவை வெளியே போகும்போது வாசலில் செம்புப் பாத்திரத்தில் தண்ணீரும் பூவும் வைத்து, அதைக் காலால் உதைத்துச் சிந்தவிட்டு, அந்த ஈரத்தின்மேல் வண்டியை ஓட்டிப்போவது எங்கள் வழக்கம். எங்கள் ஷெட்டில் அந்தத் தண்ணீரை வைப்பது எப்போதும் ஸ்லாட்காதான். இந்தத் தடவை அவரைக் கேட்க எல்லோருக்கும் தயக்கம். அவரே கறுப்பு உடையில், பாத்திரத்தோடு வந்தார். ஏழு வண்டிக்கு வைத்தார். எட்டாவதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று கூரையைப் பார்த்தார்.

“இதுல அந்தக் கம்பம் இருக்கா லூபென்?”

“இல்ல.”

“எதுலயும் இல்லையா?”

“எதுலயும் இல்ல.”

“நல்லது. இனி ஒரு பொம்பளையும் என்னை மாதிரி நிக்க வேண்டாம்.” பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீ ஒழுங்கா சாப்பிடுறியாப்பா? எலும்பா இருக்கே. உள்ளே வா, சூப் இருக்கு.”

போய்ச் சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணமும் ஊற்றினார். வாசலில் எட்டு வெள்ளை வண்டிகளும் ஈரத்தின்மேல் வரிசையாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் அதை மறைக்கவில்லை.

அத்தோடு இது முடிந்திருக்கும். ஸ்பாஸை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது, என்னைச் சந்தேகிக்கிறவரும் யாரும் இல்லை. ஆனால் போன திங்கட்கிழமை உங்கள் நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. அதன் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். ஸ்பாஸ் வ்ராஞ்சேவ் மிகவும் எச்சரிக்கையான ஓட்டுநர் என்று உடன் வேலை செய்த அனைவரும் சாட்சி சொன்னதால், அவர் கம்பிக்கு அடியில் கம்பத்தைத் தூக்கியிருக்க வாய்ப்பில்லை என்றும், பராமரிப்புக் குறைவால் காற்று வால்வு பழுதாகிக் கம்பம் தானாக எழுந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பராமரிப்புக் குறைவு என்ற வார்த்தையை மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வால்வை ஜூலை மாதம் நானும் ஸ்பாஸும் சேர்ந்து மாற்றினோம். ரசீதும், தேதியும், பழைய வால்வும்கூட என் அலமாரியில் இருக்கின்றன. வண்டி எரிந்துவிட்டது, அது வாயைத் திறந்து பேசாது என்பதற்காக அதன்மேல் பழி போடுவதா? பதினான்கு வருடத்தில் அந்தக் கம்பம் ஒரு தடவைகூடத் தானாக எழுந்ததில்லை, தானாக இறங்கியதில்லை.

ஆகவே திருத்தம் இதுதான் மேடம். கம்பம் தானாக எழவில்லை. ஸ்பாஸ் விசையை அழுத்தினான். மேலே கம்பி இருப்பது தெரிந்தே நான் தூக்கச் சொன்னேன், அதனால் அழுத்தினான். அவன் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். பதிவேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தைப் பாருங்கள். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், வாதாட மாட்டேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். என் ஷெட்டிலிருந்து போன எந்த வண்டியும் இதுவரை ஓர் ஆளைக் கொன்றதில்லை.